கால் டொக்டருக்குப் படிக்கப் போய்த் திரும்பியவர்கள்

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் வெள்ளவத்தையில் இரண்டு இடங்களில் கூட்டம் கூடும். ஒன்று கோயில். மற்றது காலி வீதியில் உள்ள வெளிநாட்டுக் கல்வி முகவர்களின் அலுவலகங்கள். கொழும்பு மாவட்டத்தில் உயிரியல் பிரிவில் இருந்துகொண்டு மருத்துவபீட அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியை எடுப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்துத்தான் என் வீட்டில் உலை வைக்கிறேன். 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இடங்களைப் பங்கிட்ட பிறகு, மயிரிழையில் வெளியே நிற்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். மூன்றாம் முறையும் எழுதிப் பார்த்தவர்கள் முகவரிடம் போகிறார்கள்.

முன்பெல்லாம் முகவர்களின் கையில் பங்களாதேஷ், நேபாளம், ரஷ்யா, சீனா என்று மருத்துவப் படிப்புகள் மட்டுமே இருந்தன. இப்போது மருத்துவத்தைச் சுற்றியுள்ள படிப்புகளையும் விற்கிறார்கள். அதில் புதிதாக வந்திருப்பது பாத மருத்துவம். வழவழப்பான கையேட்டில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் யாரோ ஒருவரின் பாதத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். உண்மையில் பாதத்தைப் பார்த்து அப்படிச் சிரிக்கிற வேலையல்ல இது.

மகளுக்கு இங்கிலாந்தில் இந்தப் படிப்புக்கு இடம் எடுத்துத் தருகிறோம் என்று சொல்லப்பட்ட ஒரு தந்தை என்னிடம் வந்தார். தொழிலில் கணக்காளர். “டீச்சர், போகிறவர்களில் எத்தனை வீதம் இடையில் விட்டுவிடுகிறார்கள்? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். மற்றதை நான் யோசித்துக்கொள்கிறேன்” என்றார். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது அவருடைய கொள்கை. நல்ல கேள்விதான். ஆனால் அந்த வீதத்தைத் தேடத் தொடங்கியபோது, அது ஆழத்தை அளக்க உதவாத கோல் என்பது தெரிந்தது.

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். உயர்கல்விப் புள்ளிவிவர நிறுவனம் பல வருடங்களாக வெளியிட்டுவந்த இடைவிலகல் அட்டவணைகளில், படிப்புத் தொடங்கி 50 நாட்களுக்குள் வெளியேறியவர்கள் சேர்க்கப்படவில்லை. செப்டெம்பர் கடைசியில் போய், குளிரும் தனிமையும் தாங்காமல் நவம்பர் முதற் கிழமையில் பெட்டியைக் கட்டிய பிள்ளை அந்தக் கணக்கின்படி போகவே இல்லை. அதைவிடப் பெரிய விடயம், அந்த அட்டவணைகள் பிரித்தானியாவை வதிவிடமாகக் கொண்ட மாணவர்களைப் பற்றியவை. வெள்ளவத்தையிலிருந்து போன பிள்ளை முடித்தாலும் அதில் இல்லை, முடிக்காவிட்டாலும் இல்லை. வீட்டை விற்றுக் கட்டணம் கட்டியவரின் மகள் அந்த வீதத்துக்குள் ஒரு புள்ளியாகக்கூட விழமாட்டாள்.

அவுஸ்திரேலியாவில் கணக்கெடுப்புத் திகதி என்று ஒன்று இருக்கிறது. தவணை தொடங்கிச் சில கிழமைகளில் அது வரும். அதற்கு முன் விலகியவர் பதிவில் ஏறுவதில்லை. ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றில் அதே படிப்பைத் தொடர்பவரைச் சாதாரண இடைவிலகல் கணக்கு ‘விட்டவர்’ என்கிறது, திருத்திய கணக்கு ‘தொடர்பவர்’ என்கிறது. இவற்றோடு வகுப்பின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாத மருத்துவம் எங்கும் சிறிய படிப்பு. 20 பேர் உள்ள வகுப்பில் ஒருவர் திருமணம் முடித்துப் போனாலே 5 வீதம். இன்னொருவர் தாதியர் படிப்புக்கு மாறினால் 10 வீதம். அடுத்த வருடம் ஒருவரும் போகாவிட்டால் பூச்சியம். இந்த வருடம் 10, அடுத்த வருடம் 0 என்றால் கற்பித்தல் திருந்திவிட்டது என்றா அர்த்தம்?

இங்கிலாந்தில் உயர்கல்வி மேற்பார்வை அமைப்பே முழுநேர முதற்பட்டத்துக்கு, தொடங்கியவர்களில் 80 வீதத்தினர் தொடர்ந்தால் போதும் என்பதைக் கீழெல்லையாக 2022இல் வைத்தது. ஐந்தில் ஒருவர் போய்விடலாம் என்பதை விதியே பொறுத்துக்கொள்கிறது என்று கணக்காளருக்குச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

இந்தக் கேள்வி உண்மையில் சூடு பிடிப்பது அமெரிக்காவில்தான். அங்கே பாத மருத்துவம் வேறு உயரத்தில் இருக்கிறது. ஒரு பட்டம் முடித்த பிறகு நான்கு வருடக் கல்லூரி, அதன்பின் மூன்று வருட வைத்தியசாலை வதிவிடப் பயிற்சி. கத்தி எடுத்து எலும்பில் அறுவை சிகிச்சை செய்கிறவர்கள் அவர்கள். இங்கிலாந்தில் அது மூன்று வருட இளமாணி, அவுஸ்திரேலியாவில் பொதுவாக நான்கு. முகவரின் கையேட்டில் இவை மூன்றும் அந்தச் சிரிக்கிற பெண்ணின் படத்துக்குக் கீழே ஒன்றாகக் கிடந்தன.

அமெரிக்காவில் முதற் கல்லூரி 1911இல் நியூயோர்க்கில் தொடங்கியது. அடுத்த வருடமே சிக்காகோவில் வில்லியம் ஷோல் ஒன்றைத் தொடங்கினார். பாமசிகளில் கால் ஆணிக்கு விற்கிற பிளாஸ்டரில் இருக்கும் அதே ஷோல். இன்று 11 கல்லூரிகள். அவை தங்கள் பட்டம் பெறுவோர் விவரத்தை வெளியிடுகின்றன, ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொது மருத்துவம் படிக்கச் சேரும் அமெரிக்க மாணவர்களில் ஏறத்தாழ 96 வீதத்தினர் ஆறு வருடங்களுக்குள் பட்டம் பெற்றுவிடுகிறார்கள். பாத மருத்துவக் கல்லூரிகளில் இழப்பு அதைவிடக் கூடுதல். கல்லூரிக்குக் கல்லூரி, வருடத்துக்கு வருடம் வேறுபாடும் பெரிது.

ஏன் என்று கேட்டால், ‘படிப்புக் கடினம்’ என்ற பதில் உடனே வரும். கடினம்தான். பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பெயர் சொல்ல வேண்டும். ஆனால் முதல் வருடத்தில் பிள்ளைகளை வீழ்த்துவது பாதம் அல்ல. உயிர் இரசாயனம், உடற்றொழிலியல், முழு உடல் அமைப்பியல் என்று மருத்துவ மாணவர் படிக்கிற அதே பாடங்கள்தான். சில கல்லூரிகளில் மற்ற மருத்துவ மாணவர்களோடு ஒரே மண்டபத்தில் இருந்து அதே பரீட்சையை எழுத வேண்டும். இரண்டாம் வருட முடிவில் தேசியப் பரீட்சையின் முதற் பகுதி வருகிறது. அதில் தவறினால் மேலே போக முடியாது.

பாடம் அதுவே என்றால் இழப்பு மட்டும் ஏன் கூட? வாசலைப் பாருங்கள். மருத்துவக் கல்லூரிகளுக்கான அனுமதிப் பரீட்சையில் 500 என்பது நடுப் புள்ளி. பொது மருத்துவத்துக்குச் சேர்பவர்களின் சராசரி 511ஐ ஒட்டி நிற்கிறது. பாத மருத்துவத்துக்குச் சேர்பவர்களின் சராசரி 500க்குக் கீழே. விண்ணப்பிப்பவர் தொகை சுருங்கிக்கொண்டு போன காலத்திலேயே 2022இலும் 2023இலும் மேலும் இரண்டு கல்லூரிகள் திறந்தன. ஆட்கள் குறைவு, கதிரைகள் அதிகம். கதிரை வெறுமையாக இருந்தால் கல்லூரிக்கு நட்டம். தடுமாறக்கூடிய ஒருவரை எடுத்து முதல் வருட முடிவில் அனுப்பினாலும், வருடத்துக்கு 40,000 டொலரைத் தாண்டும் கட்டணம் ஒரு தடவையாவது வந்திருக்கும். இதை யாரும் திட்டம்போட்டுச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டம் போடாமலே கணக்கு அப்படி விழுகிறது. நட்டம் மட்டும் கல்லூரியின் பேரேட்டில் விழுவதில்லை. அது பிள்ளையின் கடனில் விழுகிறது.

ஆகவே இடைவிலகல் வீதத்தைப் பார்க்கும்போது மாணவரைப் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அனுமதி அலுவலகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாரை, எதைச் சொல்லி, எவ்வளவு அவசரமாக உள்ளே எடுத்தார்கள் என்பதுதான் இரண்டு வருடம் கழித்து அந்த எண்ணாக வெளியே வருகிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தலைகீழான தந்திரமும் இருக்கிறது. பலவீனமான பிள்ளையை வெளியேற்றாமல் ஒரு வருடம் பின்னுக்கு இறக்கிவிட்டால் அவர் ‘விட்டவர்’ ஆகமாட்டார். நான்கு வருடத்தில் முடித்தவர் தொகையில்தான் குறைவார். எந்த எண்ணைக் கேட்கிறோமோ அதற்கேற்ப விடை அழகாகும்.

கல்லூரி வாசலோடு இந்த எண்கள் நின்றுவிடுவதையும் சொல்ல வேண்டும். 2010களின் முற்பகுதியில் அமெரிக்காவில் வதிவிடப் பயிற்சி இடங்கள் போதவில்லை. நான்கு வருடமும் படித்து, பரீட்சையும் தேறி, பட்டமும் பெற்ற பலர் பயிற்சி இடம் இல்லாமல் நின்றார்கள். பயிற்சி இல்லாமல் பெரும்பாலான மாநிலங்களில் தொழில் செய்ய முடியாது. அவர்கள் யாரும் இடையில் விட்டவர்கள் அல்ல. புள்ளிவிவரத்தின்படி வெற்றி பெற்றவர்கள்.

எங்கள் குடும்பத்திலேயே ஒருத்தி இருக்கிறாள், என் சித்தப்பாவின் மகள். 2020 செப்டெம்பரில் இங்கிலாந்துக்குப் பாத மருத்துவம் படிக்கப் போனாள். மருத்துவம் கிடைக்காத கவலையோடு போனவள்தான். முதல் வருடம் பெருந்தொற்றுக் காலம் என்பதால் பாதி கணினித் திரையிலேயே கழிந்தது. பட்டம் முடிப்பதற்குள் ஏறத்தாழ 1,000 மணித்தியாலம் நோயாளிகளோடு பயிற்சி செய்ய வேண்டும் என்பதால் இரண்டாம் வருடத்தில் அந்தப் பாரம் சேர்ந்து இறங்கியது.

அவள் தொலைபேசியில் விபரித்த ஒரு காலை வேளை எனக்கு இன்னும் துல்லியமாக நினைவிருக்கிறது. உயர்த்தி இறக்கக்கூடிய கதிரையில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர். அவருடைய வலது கால் இவளுடைய முழங்காலின் உயரத்தில், கீழே நீலக் கடதாசி விரிப்பு. பெருவிரலுக்கு அடியில் மஞ்சளாகத் தடித்த காய்ப்பு. மூன்றாம் இலக்கப் பிடியில் பத்தாம் இலக்க அலகைப் பூட்டி, கத்தியைத் தோலுக்கு ஏறத்தாழச் சமாந்தரமாகப் படுக்கவைத்து, இடது கையின் பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெங்காயத் தோல்போல மெல்லிய சீவல்களாக எடுக்க வேண்டும். அழுத்தினால் ஆழமாக இறங்கிவிடும், பயந்தால் வெறுமனே சுரண்டும். மஞ்சள் நிறம் போய் இளஞ்சிவப்புத் தெரிகிற இடத்தில் கை நிற்க வேண்டும். பின்னால் மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பஸ் சாரதி தான் ஓட்டிய பாதைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருக்கிறார்.

“இரத்தத்துக்கு நான் பயப்படவில்லை அக்கா. அவருக்கு நீரிழிவு. காலில் உணர்ச்சி இல்லை. நோகிற கால் என்றால் ஆள் காலை இழுப்பார், நான் நிறுத்திவிடுவேன். இந்தக் கால் இழுக்காது. நான் வெட்டிவிட்டாலும் அவர் பஸ் கதை சொல்லிக்கொண்டுதான் இருப்பார்” என்றாள்.

இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பொறுப்பு. ஆனால் அவள் அதைத் தாண்டினாள். சித்திரை வருடப்பிறப்புக்கு முன்பே கை பழகிவிட்டது, மேற்பார்வையாளர் பக்கத்து மேசைக்குப் போய்விட்டார் என்று பெருமையாகச் சொன்னாள். பாடங்களிலும் தவறவில்லை. கட்டாயப் பயிற்சி இடம் அவள் தங்கியிருந்த நகரத்தில் இல்லாமல், விடியுமுன் எழும்பிப் புகையிரதத்தில் போய் வர வேண்டியிருந்தது. அந்த டிக்கெட் காசும் அவளுடையதுதான். பிரித்தானிய மாணவர்களுக்கு 2020இலிருந்து வருடத்துக்கு 5,000 பவுண் உதவித்தொகையும், ஆள் பற்றாக்குறை உள்ள படிப்பு என்பதால் பாத மருத்துவத்துக்கு மேலும் 1,000 பவுணும் கிடைத்தது. வெளிநாட்டு மாணவிக்கு அது கிடையாது.

2022 மார்ச்சில் ரூபாய் சரிந்தது. சித்தப்பா போட்ட கணக்கு பவுண் 270 ரூபாய் அளவில் இருந்த காலத்துக் கணக்கு. சில கிழமைகளில் அது 400ஐத் தாண்டியது. காசு இருந்தாலும் அனுப்புவதற்கு வங்கியில் வெளிநாட்டு நாணயம் இல்லை. இங்கே பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டே சித்தப்பா வங்கி முகாமையாளரோடு தொலைபேசியில் மன்றாடினார். இரண்டாம் வருடப் பரீட்சையை முடித்துவிட்டு அவள் திரும்பி வந்துவிட்டாள். விலகல் படிவத்தில் காரணம் கேட்டிருந்த இடத்தில் ‘சொந்தக் காரணம்’ என்ற பெட்டியில் புள்ளடி போட்டாளாம். இலங்கை வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போனது அவளுடைய சொந்தக் காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

இவளை மனத்தில் வைத்துத்தான் நான் மற்ற ஆய்வுகளையும் வாசித்தேன். இங்கிலாந்தின் சுகாதாரக் கல்வி அமைப்பு 2018இல் தாதியர், மருத்துவமாதுகள், கதிர்ச்சிகிச்சையாளர் ஆகிய மாணவர்களைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. பாத மருத்துவம் அதில் இல்லை, ஆனால் அதே குடும்பம். பணக் கஷ்டமும், பயிற்சிக்குப் போன இடத்தில் கிடைத்த வரவேற்பும் அங்கே பெரிதாகப் பேசப்பட்டன. பரீட்சையில் தவறியவர்களைவிட, தேறிக்கொண்டே களைத்துப்போகிறவர்களைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தவறுகிறவரைப் பல்கலைக்கழகம் கவனிக்கும், கடிதம் அனுப்பும், கூப்பிட்டுக் கதைக்கும். 62 புள்ளி எடுத்துக்கொண்டு அறையில் சோறு சமைக்காமல் படுத்திருக்கிற பிள்ளையை யார் கவனிப்பார்?

பணத்தைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதை வெளியே சொல்வதில்லை. அவள் போகும்போது சித்தி உறவுகளிடம் “மருத்துவத் துறையில்தான்” என்று மட்டும் சொன்னாள். மேலும் தோண்டியவர்களிடம் “எலும்பு சம்பந்தமானது” என்றாள். ஒரு கலியாண வீட்டில் எங்கள் பெரிய மாமி முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்: “இவ்வளவு காசு செலவழித்து, ஊரான் காலைப் பிடிக்கிற படிப்பா?” சித்தி அன்று பந்தியில் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருவரின் பாதத்தைத் தொடுவதென்றால் நமக்குள் இரண்டு நினைப்புகள்தான். ஒன்று வணக்கம், மற்றது கீழ்ப்பட்ட தொழில். அந்த இரண்டாவது நினைப்பின் பின்னால் சாதி இருக்கிறது என்பதைக் கொழும்பில் நாகரிகமாக மறைத்துக்கொள்கிறோம். பல் டொக்டரின் வாய் வேலைக்கு இல்லாத அருவருப்பு கால் டொக்டருக்கு மட்டும் ஏன்? சொத்தைப் பல்லின் மணம் என்ன சந்தனமா? கஷ்டம் வருகிற இரவில் ‘உன்னால் முடியும்’ என்று சொல்ல வேண்டிய வீடு, அந்தப் படிப்பின் பெயரையே உரத்துச் சொல்ல வெட்கப்பட்டால் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? அமெரிக்கக் கல்லூரிகளிலும் பொது மருத்துவம் கிடைக்காததால் வந்தவர்கள் நிறைய. இரண்டாவது தெரிவாக ஒரு படிப்புக்குப் போவதில் பிழை இல்லை. போன பிறகும் அதை இரண்டாவதாகவே வைத்திருப்பதுதான் ஆளைத் தின்கிறது.

கணக்காளரிடம் நான் வீதம் எதையும் கொடுக்கவில்லை. முகவரிடம் வேறு சிலவற்றைக் கேட்கச் சொன்னேன். போன மூன்று வருடங்களில் இங்கிருந்து அனுப்பியவர்களில் யார் யார் இப்போது எந்த வருடத்தில் படிக்கிறார்கள்? விட்டவர்கள் முதல் வருடத்தில் விட்டார்களா, இறுதி வருடத்திலா? பயிற்சி இடங்கள் விடுதியிலிருந்து எவ்வளவு தூரம், போக்குவரத்துக் காசு யாருடையது? ஒரு பாடத்தைத் திரும்ப எழுத வேண்டி வந்தால் விசாவுக்கு என்ன ஆகும்? வருடக் கட்டணம் 15,000 பவுணைத் தாண்டுகிறது. பவுண் 400 ரூபாய் என்று வைத்தால் 60 இலட்சம் ரூபாய். பவுண் இன்னும் நூறு ரூபாய் ஏறினால் அவரால் தாங்க முடியுமா என்பதை அவரே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாக, மகள் ஒரு நாளாவது யாருக்காவது காலில் மருந்து கட்டுவதைப் பார்த்திருக்கிறாளா?

முகவரிடமிருந்து இந்தக் கேள்விகளுக்கு வந்த ஒரே பதில், வெள்ளிக்கிழமைக்கு முன் முற்பணம் கட்டினால் கழிவு உண்டு என்பது.

கடைசிக் கேள்வியை நான் ஒப்புக்குச் சேர்க்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளைவிட, வீட்டில் ஒரு நோயாளியைப் பராமரித்த பிள்ளைகள் இத்தகைய படிப்பில் நின்றுபிடிக்கிறார்கள் என்பது என் கருத்து. அமெரிக்காவில் விண்ணப்பதாரர்களிடம், ஒரு பாத மருத்துவரின் பின்னால் நின்று அவர் வேலையைப் பார்த்த அனுபவம் உண்டா என்று கேட்பது வழக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பார்ப்பதற்கு இலங்கையில் பாத மருத்துவப் பட்டப்படிப்பும் இல்லை, அந்தப் பெயரில் ஒரு தொழிலும் சரியாக வேரூன்றவில்லை. இயன்மருத்துவத்துக்குக் கொழும்பிலும் பேராதனையிலும் பட்டம் உண்டு. செயற்கைக் கால் செய்யப் படிக்க ராகமையில் ஒரு கல்விக்கூடம் 2004இலிருந்து இருக்கிறது. காலை எடுத்த பிறகு என்ன செய்வது என்று கற்பிக்கிறோம். எடுக்காமல் காப்பாற்றுவதைத் தனிப் படிப்பாகக் கற்பிக்க நமக்கு இன்னும் நேரம் வரவில்லை. அந்த வேலை முழுவதும் சத்திரசிகிச்சை வைத்தியர்களின் தலையிலும், கிளினிக்குகளில் மருந்து கட்டுகிற தாதியரின் கையிலும் விழுகிறது.

தேவை இல்லாமலா? 2008இல் வெளியான நாடளாவிய ஆய்வு, வயது வந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு என்றது. நகரத்தில் அது இன்னும் கூடுதல். என் மாமா ஒருவர் ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிவரை தேரோடு வெறுங்காலில் நடப்பவர். ஒரு வருடம் வெயில் கொஞ்சம் அதிகம். மற்றவர்கள் தண்ணீர் தெளித்த இடமாகப் பார்த்துத் துள்ளித் துள்ளி நடக்க, இவர் மட்டும் தாரில் நிதானமாக நடந்தார். பக்தி என்று எல்லோரும் வியந்தோம். இரவு கால் கழுவும்போதுதான் மாமி பார்த்தார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்து தோல் தனியாகத் தொங்கியது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு கிளினிக்கில் நைலோன் நூல் போன்ற ஒன்றை, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது, உள்ளங்காலில் இடம் இடமாக வைத்து “தெரிகிறதா?” என்று கேட்டார்கள். கண்ணை மூடியிருந்த மாமா, “எப்போது தொடங்கப் போகிறீர்கள்?” என்று கேட்டார். பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

இதில் நமக்கு ஒரு பழைய உரிமையும் இருக்கிறது. உணர்ச்சியற்ற பாதத்தில் ஆறாத புண்ணுக்கு, காலோடு ஒட்டிய மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைப் பரவச் செய்து ஆற்றும் முறையை இன்று உலகம் முழுவதும் பாத மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். அந்த முறையின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் 1930களில் தொழுநோயாளரின் புண்களுக்கு அதைப் பயன்படுத்திய ஒருவரின் பெயரைத் தொடக்கத்தில் குறிப்பிடுகிறார்கள். அவர் கொழும்பில் அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த மில்ரோய் போல், நம்மவர். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் நீரிழிவுக் கால்களுக்குப் பரப்பிய போல் பிராண்ட், தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்து வேலூரில் தொழுநோயாளரின் கை கால்களோடு வேலை செய்தவர். அவர்கள் காலத்தில் தொழுநோயாளியின் காலைத் தொடுவதென்றால் எவ்வளவு அருவருப்பு இருந்திருக்கும் என்று பெரிய மாமிக்குச் சொல்லிப் பார்த்தேன். “அவர்கள் பெரிய டொக்டர்மார்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சித்தப்பாவின் மகள் இப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அங்கே நீரிழிவுக்காரரின் கோரிக்கைப் படிவங்களை அவளிடம்தான் தள்ளிவிடுகிறார்களாம். படிப்பைத் தொடர மூன்றாம் வருடத்துக்கு இடம் தருவார்களா என்று பழைய பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறாள். பழைய பயிற்சி மணித்தியாலங்கள் எல்லாவற்றையும் ஏற்க முடியாது, இரண்டாம் வருடத்தின் ஒரு பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. யோசித்துக்கொண்டிருக்கிறாள். சித்தப்பா யோசிக்கவில்லை, தெகிவளைக் காணியை யார் வாங்குவார்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டு விறாந்தையில் உறவுக்காரர்கள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு உட்காருகிறார்கள். அவள் கத்தியைத் தொடுவதில்லை, தனக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டாள். விரல் இடுக்குகளை விரித்துப் பார்க்கிறாள், சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவி ஆணி, கல் ஏதும் இருக்கிறதா என்று தேடுகிறாள், புண் கண்டால் அன்றைக்கே கிளினிக்குக்கு அனுப்புகிறாள். அழகு நிலையத்தில் சவர அலகால் கால் ஆணி வெட்டுவித்துக்கொண்டு வந்த ஒரு அத்தைக்கு நல்ல ஏச்சு விழுந்தது. போன முறை வரிசையில் பெரிய மாமியும் இருந்தார். வெளியே வந்து என்னிடம், “பிள்ளை நன்றாகத்தான் பார்க்கிறாள். மிச்சப் படிப்புக்கு எவ்வளவு முடியுமாம்?” என்று கேட்டார். தொகையைச் சொன்னேன். “பவுணிலா, ரூபாயிலா?” என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் ஓட்டோவில் ஏறினார்.